கொடுத்த கையும் குணமடைய வேண்டும்

மாவனல்லைப் பகுதியிலுள்ள அரசினர் பாடசாலை ஒன்றில் அதிபராகக் கடமையாற்றுகின்றவன் நான். நான் கற்றது கலைத்துறை. வைத்தியக் கல்வி அன்று. ஆயினும் இன்று ஒரு வைத்திய விடயத்தைப் பற்றியே உங்களுடன் பேச முற்பட்டிருக்கிறேன். கையிலிருந்து இழையத்தை எடுத்து உடலின் வேறோர் இடத்தைச் செப்பனிடும் சத்திரசிகிச்சையின் பின்னர், கொடுத்த அந்தக் கைக்கு என்ன நேர்கிறது என்பதே அவ்விடயம். வைத்தியர் பேச வேண்டியதை ஆசிரியர் ஏன் பேசுகிறார் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கையைப் பற்றிய அறியாமை ஒரு மனிதரை மாதக்கணக்கில் வருத்தியதையும், அதே கையைப் பற்றிய அச்சம் ஒரு பெண்ணின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்ததையும் நான் கண்ணாரக் கண்டேன். அறியாமையும் அச்சமும் ஆசிரியனுக்கு அந்நியமான பகைவர்கள் அல்ல.

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டமொன்றிலே பால் வெட்டும் தொழிலாளி ஒருவர். அவருடைய மகள் என் பழைய மாணவி. சிறு வயது முதல் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அவருடைய வாயை விட்டு அகன்றதில்லை. நாக்கின் ஓரத்தில் தோன்றிய புண் ஆறாமற் போகவே வைத்தியசாலைக்குச் சென்றார். புற்றுநோய் என்று கண்டறிந்து, நாவின் ஒரு பகுதியை அகற்றி, அந்த இடத்தை அவருடைய இடது முன்னங்கையிலிருந்து எடுத்த தோலினால் நிரப்பினார்கள். அவர் வீடு திரும்பிய பின் நலம் விசாரிக்க லயத்துக்குப் போயிருந்தேன். வாசலில் அமர்ந்திருந்த அவருடைய முதிய தாயார் என்னைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி இதுதான்: “வருத்தம் வாயில, சேர். கைய எதுக்கு வெட்டினாங்க?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான விடை இருக்கவில்லை. அதைத் தேடிப் படித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முன்னணியில் நிற்பது வாய்ப்புற்று. எங்கள் சப்ரகமுவ மாகாணத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. 30 வயதைக் கடந்தவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் இம்மாகாணத்திலே பரிசோதிக்கப்பட்டு, அதன் முடிவுகள் 2010ஆம் ஆண்டளவில் வெளியிடப்பட்டன. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய வாய்ப்புண்களோ வெள்ளைத் திட்டுகளோ உடையவர்களாய் இருந்தனர். தோட்டப்புறங்களில் வெற்றிலை போடும் வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. புகையிலை சேராவிடினும் பாக்கு ஒன்றே போதும் என்பதை 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. ஆகவே “நான் புகையிலை சேர்ப்பதில்லை, எனக்கு என்ன?” என்று எவரும் ஆறுதல் கொள்ள இடமில்லை.

வாயில் வந்த நோயைச் சுற்றியுள்ள நல்ல இழையத்தின் ஒரு பகுதியோடு சேர்த்தே அகற்ற வேண்டும். அகற்றிய இடத்தை வெறுமனே இழுத்துத் தைத்தால் எஞ்சிய நாக்குக் கட்டுண்டு போகும், பேச்சுக் குழறும், விழுங்க இயலாது. ஆகவே அந்த வெற்றிடத்தை நிரப்ப மெல்லியதும் வளைந்து கொடுப்பதும் இரத்த ஓட்டம் உள்ளதுமான ஒரு துண்டு வேண்டும். அத்தகைய துண்டை வைத்தியர்கள் இழைய மடல் என்பர்.

உடலின் ஓரிடத்திலிருந்து கடன் வாங்கி மற்றோரிடத்தைச் சீர்செய்யும் கலை நமது நாடுகளுக்குப் புதியதன்று. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலினால் அமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரர் ஒருவருக்கு நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கப்பட்டது. பூனாவிலே நடந்த அச்செய்தி 1794இல் இலண்டன் சஞ்சிகையொன்றில் படத்துடன் வெளிவர, அதைக் கண்டு உற்சாகமடைந்த கார்ப்யூ என்னும் ஆங்கில வைத்தியர் 1814இல் அவ்வாறே செய்து காட்டினார்.

கையிலிருந்து கடன் வாங்கிய பெருமை இத்தாலிக்கு உரியது. பொலோஞா நகரத்துத் தாலியாகொட்சி என்பவர் 1597இல் வெளியிட்ட நூலிலே, மேற்கையின் தோலை ஒரு பக்கம் கையோடு ஒட்டியபடியே விட்டு, மறுபக்கத்தை மூக்கிலே தைக்கும் முறையை விளக்கினார். புதிய இடத்தில் இரத்த ஓட்டம் நிலைக்கும் வரை நோயாளி தம் கையைத் தலையோடு சேர்த்துக் கட்டியபடி வாரக்கணக்கில் இருக்க வேண்டும். கொடுத்த கை படும் துன்பம் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

நுண்ணோக்கியின் துணையுடன் மெல்லிய குருதிக் குழாய்களைத் தைக்கும் திறமை 20ஆம் நூற்றாண்டிலே கைவந்த பின்னர் இந்தக் கட்டுக்கு அவசியமில்லாது போயிற்று. சீன நாட்டின் ஷென்யாங் நகரில் யாங் குவோஃபான் என்பவரும் துணைவரும் முன்னங்கையின் உட்புறத் தோலை, அதனூடே ஓடும் நாடியுடன் சேர்த்து எடுத்து வேறிடத்திலே பொருத்தும் முறையை வகுத்து 1981இல் வெளியிட்டனர். அதனால் அதற்குச் சீன மடல் என்ற பெயரும் உண்டு. 1983இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் சவுட்டரும் தோழர்களும் வாயின் உட்புறத்தைச் சீரமைக்க இம்முறையைக் கையாண்டதை எழுதினர். இன்று உலகெங்கும் வாய்ப்புற்றுச் சத்திரசிகிச்சையில் இம்மடலுக்கு முக்கிய இடம் உண்டு.

நேயர்களே, உங்கள் இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரற் பக்கமாக, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வைத்தியர் நாடி பார்க்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே துடிப்பது ஆரை நாடி. சிறுவிரற் பக்கமாக ஆழத்தில் இன்னொன்று ஓடுகிறது. அது அரந்தி நாடி. இவ்விரண்டும் உள்ளங்கையிலே ஒன்றோடொன்று இணைகின்றன. ஆகையால் ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றது கைக்கு இரத்தம் ஊட்ட முடியும். ஆயினும் எல்லாருக்கும் இவ்விணைப்பு நன்றாக அமைந்திருக்கும் என்று கூற முடியாது. எனவே சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு சோதனை செய்கிறார்கள். நோயாளி கையை இறுக மூடித் திறக்க, வைத்தியர் இரு நாடிகளையும் அழுத்திப் பிடிப்பார், உள்ளங்கை வெளிறும். பின் அரந்தி நாடியை மட்டும் விடுவிப்பார். சில விநாடிகளில் கை சிவந்தால் அந்த ஒரு நாடி போதுமானது. சிவக்கத் தாமதித்தால் அந்தக் கையிலிருந்து எடுப்பது ஆபத்து. 1929இல் அலன் என்பவர் எழுதிய முறையை ஒட்டி எழுந்த இச்சோதனை, கருவி எதுவும் வேண்டாத எளிய பாதுகாப்பு.

இனி அந்தத் தாயாரின் கேள்வியின் மறுபாதிக்கு வருவோம். தோல் எடுத்த இடத்தில் என்ன நிகழ்கிறது?

முன்னங்கையிலே தாராளமாகத் தோல் இல்லை. ஆகவே பெரிய துண்டை எடுத்தபின் விளிம்புகளைச் சேர்த்துத் தைக்க இயலாது. தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ தோல் எடுத்து அங்கே ஒட்டுவர். வாய்க்குக் கை கடன் கொடுக்க, கைக்குத் தொடை கடன் கொடுக்கிறது. இந்தத் தோல் ஒட்டு, நாற்று நட்டது போன்றது. முதல் இரண்டு நாட்களில் அது தனக்கென்று இரத்தக் குழாய் இன்றி, அடியில் ஊறும் நீரைக் கொண்டே உயிர் வாழ்கிறது. அதன்பின்னரே நுண்ணிய குழாய்கள் அடியிலிருந்து மேலெழுந்து அதனுள் இணைகின்றன. அந்த நாட்களில் ஒட்டு அசைந்தாலோ, அதன் அடியில் இரத்தமோ நீரோ தேங்கினாலோ, கிருமி புகுந்தாலோ, நட்ட நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பது போலாகிவிடும். அதனாற்றான் மணிக்கட்டு அசையாதபடி அணைவரிச்சு வைத்துக் கட்டி, கையை உயர்த்தி வைக்கச் சொல்கிறார்கள்.

மணிக்கட்டுக்கு அருகே விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைநாண்கள் கயிறு போல ஓடுகின்றன. அவற்றைச் சுற்றி மெல்லிய உறை உண்டு; ஒட்டிய தோலுக்கு உணவூட்டுவது அந்த உறையே. உறை காய்ந்தாலோ சிதைந்தாலோ அந்த இடத்தில் ஒட்டுப் பிடிக்காது. வெண்மையான தசைநாண் வெளியே தெரியும். கொடுத்த கையில் ஏற்படும் சிக்கல்களுள் அடிக்கடி பேசப்படுவது இதுவே. பார்ப்பதற்கு அச்சமூட்டுவதாயினும், பெரும்பாலும் முறையாகச் சுத்தஞ்செய்து மருந்து கட்டி வந்தால் வாரக்கணக்கில் ஆறிவிடுகிறது; சிலருக்கு மட்டும் மீண்டும் தோல் ஒட்ட வேண்டி நேர்கிறது.

இரண்டாவது, உணர்ச்சிக் குறைவு. பெருவிரலின் பின்புறத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகள் அந்தத் தோலின் அருகே செல்கின்றன. அவை பாதிக்கப்படின் பெருவிரலின் அடியிலும் புறங்கையிலும் மரத்த தன்மை ஏற்படும். நாளடைவில் அது குறையலாம்; சிறிது நிலைக்கவும் கூடும். நரம்பின் முனை முடிச்சுப் பட்டால் தொட்டவுடன் சுரீர் என்று வலிக்கும். மூன்றாவது, குளிர் தாங்காமை. நான்காவது, தோலும் தசைநாணும் ஒன்றோடொன்று ஒட்டி மணிக்கட்டு விறைத்துப் போதல். ஐந்தாவது, பள்ளமும் நிறமாற்றமும் உள்ள தழும்பு. எலும்பையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு, எஞ்சிய ஆரை என்பு முறியக்கூடும் என்ற கவலையும் உண்டு. கைக்கு இரத்தமே போதாமற் போவது மிக அரிது. முன்சொன்ன சோதனை அதற்காகவே.

இவற்றையெல்லாம் சொல்வது உங்களை மிரட்டுவதற்காக அல்ல. எங்கள் பால் வெட்டும் தொழிலாளிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். வைத்தியசாலையிலிருந்து விடுவிக்கும் போது அவரிடம் ஒரு கடதாசி கொடுத்தார்கள். கையை நனைக்கக் கூடாது, அணைவரிச்சைக் கழற்றக் கூடாது, இன்ன நாளில் வரவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் அது அவர் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்கவில்லை. இரண்டாம் மொழி கற்ற மகளோ கொழும்பிலே தொழில் செய்கிறாள். வலி குறைந்ததும் அவர் தாமாகவே அணைவரிச்சைக் கழற்றி விறகு சுமந்தார். மழையில் கட்டு நனைந்தது. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாட் சம்பளம் போய்விடும் என்று மேலும் ஒரு வாரம் கடத்தினார். மகள் வந்து கடதாசியை வாசித்துக் காட்டிய அன்று, மணிக்கட்டின் அருகே ஒரு நாணயம் அளவான இடத்தில் தோல் கறுத்து உரிந்து, உள்ளே தசைநாண் தெரிந்தது. ஏழு வாரங்கள் மருந்து கட்டிய பின்னரே அது மூடிற்று.

அத்துடன் முடிந்ததா? இல்லை. முதலில் அஞ்ச வேண்டிய வேளையில் அஞ்சாதவர், பின்னர் அஞ்ச வேண்டாத வேளையில் அஞ்சினார். காயம் ஆறிய பிறகும் கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டபடியே மேலும் இரண்டு மாதம் அசையாமல் வைத்திருந்தார். மணிக்கட்டு விறைத்துவிட்டது. இயன்மருத்துவர் ஒருவரின் பயிற்சியால், விரல்களை மடக்கி நீட்டி, மணிக்கட்டைச் சிறிது சிறிதாக வளைத்து, மீண்டும் கத்தி பிடிக்க அவருக்கு அரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஆரம்பத்தில் ஓய்வும் பின்னர் அசைவும், இரண்டும் வைத்தியர் குறித்த காலத்தில் வேண்டும் என்பதை அவருடைய கையே எனக்குக் கற்பித்தது.

இப்போது அந்தப் பெண்ணின் கதை. அதே தோட்டத்தின் தேயிலைப் பிரிவிலே கொழுந்து எடுப்பவர். அவருக்கும் நாக்கிலே புண். அவருக்கும் அதே சிகிச்சை என்றார்கள். தொழிலாளியின் கையிலே தசைநாண் தெரிந்த நாட்களில் அதைப் பார்த்தவர் அவர். “நாக்கக் காப்பாத்தப் போயி கைய இழக்க மாட்டேன். கை போனா எங்க வீட்டு அடுப்பு எரியாது, சேர்” என்று என்னிடமே கூறினார். ஐந்து வாரங்கள் வைத்தியசாலைப் பக்கமே போகவில்லை. நான் சொன்னேன், பயனில்லை. கடைசியில் அந்தத் தொழிலாளியே ஒரு மாலை அவருடைய வாசலுக்குப் போய்த் தம் கையை நீட்டினார். “தங்கச்சி, இந்தப் புண்ணுக்குப் பாதிக் காரணம் நான்தான். இது ஆறிக்கிட்டு வருது. வாயில உள்ளது தானா ஆறாது” என்றார். நாவின் ஒரு பகுதியை இழந்தவருடைய பேச்சு அது. சற்றுக் குழறலாக இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று. அந்தப் பேச்சே அவருக்கு நல்ல சாட்சியாக அமைந்தது போலும். மறுநாள் அந்தப் பெண் பேருந்து ஏறினார்.

செல்லுமுன் அவர் என்னிடம் வந்து, வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதித் தரும்படி கேட்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கேள்விகளை இங்கே சொல்கிறேன், தேவைப்படுவோர் குறித்துக்கொள்ளலாம். எந்தக் கையிலிருந்து எடுக்கப் போகிறீர்கள்? அந்தக் கைக்கு மற்ற நாடி போதுமா என்று சோதித்தீர்களா? தொடையிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ எடுப்பது எனக்குப் பொருந்துமா? அணைவரிச்சு எத்தனை நாள்? விரலை எப்போது அசைக்க வேண்டும், மணிக்கட்டை எப்போது? எந்த அறிகுறி கண்டால் குறித்த நாளுக்குக் காத்திராமல் வரவேண்டும்? அறிவுறுத்தலைத் தமிழில் எழுதித் தருவீர்களா?

வைத்தியர்கள் வழக்கமாக, பழக்கக் குறைவான கையிலிருந்தே எடுப்பார்கள். எழுதுகின்றவனுக்கு இடது கை ஓய்வுக் கையாக இருக்கலாம். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கோ இரண்டு கையும் வேலைக் கை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னார், வைத்தியரும் செவிமடுத்தார். தொடை மடலைப் பற்றியும் விளக்கினார். நாக்குக்கு மெல்லிய தோலே ஏற்றது என்பதைக் காட்டி, முடிவிலே இடது முன்னங்கை என்று இருவரும் இணங்கினர். சிகிச்சை முடிந்தது. காத்திருந்த வாரங்களில் புண் வளர்ந்திருந்தபடியால், எடுக்க நேர்ந்த நாவின் பகுதியும் கூடியிருந்தது. அச்சத்துக்கு அவர் செலுத்திய வட்டி அது. கையோ குறித்தபடி ஆறியது. ஏழு மாதங்களின் பின் மீண்டும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினார். பெருவிரலின் பின்புறம் இன்னும் மரத்திருக்கிறது என்கிறார். பனிக்காலக் காலை வேளைகளில் விரல்கள் கடுக்கின்றன.

தோட்டத்திலே தொழில் செய்வோர் இத்தகைய கையை எவ்வாறு பேண வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்த தோல் சூட்டை அறியாது. அடுப்பருகே கவனம் வேண்டும். இறப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபோமிக் அமிலம் பட்டாலும் உடனே தெரியாது, கையுறை அவசியம். அட்டை கடித்தாலும் உணர்ச்சி குறைந்திருக்கும். மாலையில் கையைப் பார்த்துக் கழுவுங்கள். விடியற்காலைக் குளிருக்கு நீண்ட கைச்சட்டை நல்லது. அது வெயிலிலிருந்தும் புதிய தோலைக் காக்கும். காயம் முற்றாக ஆறிய பின், வைத்தியரைக் கேட்டு மென்மையாக எண்ணெய் தடவலாம். ஆறாத புண்ணில் எண்ணெயோ பச்சிலையோ வைக்காதீர்கள். புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் ஒட்டிய தோலுக்குப் பகை. காய்ச்சல், சீழ், துர்நாற்றம், விரல்கள் வெளிறுதல் அல்லது நீலமாதல், தாங்கவொண்ணா வலி ஆகிய எதைக் கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கை கடன் கொடுக்க நேராதபடி காத்துக்கொள்வது நலம். நம் நாட்டிலே ஒரு முன்னோடி முயற்சி நடந்தது. சாதாரண சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பரிசோதிக்கப் பயிற்சி அளித்து, கிராம மக்கள் 28 ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரின் வாயை அவர்களைக் கொண்டே பார்த்தார்கள். அதன் முடிவு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டிலே வெளிவந்தது. வாய்ப்புற்றை முளையிலே காண்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். வெளிச்சமும் பயின்ற கண்ணும் போதும் என்பதே அதன் பாடம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அருகிலுள்ள பல் வைத்தியரிடம் காட்டுங்கள். எங்கள் பகுதியினருக்குக் கடுகண்ணாவை மலையேறினால் பேராதனைப் பல் வைத்தியசாலை தூரமில்லை. அரசினர் வைத்தியசாலைகளிலே இதற்குக் கட்டணமும் இல்லை.

வைத்தியத் துறையினருக்கு ஓர் ஆசிரியனின் பணிவான வேண்டுகோளும் உண்டு. திறமையான கரங்களால் நீங்கள் தைத்த தோல், வாசிக்க முடியாத ஒரு கடதாசியினால் வீணாகிவிடக் கூடாது. நோயாளிக்குத் தெரிந்த மொழியில் பத்து வரி எழுதிக் கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. என் மாணவர்களுக்கும் ஒரு சொல்: நீங்கள் இரண்டாம் மொழி கற்பது பரீட்சைப் புள்ளிக்காக மட்டுமல்ல. உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் ஒரு கடதாசியுடன் காத்திருக்கக் கூடும்.

அந்த முதிய தாயாரிடம் பின்னொரு நாள் இவ்வளவையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கையும் நோயாளிதான், சேர்; அதையும் பாக்கணும்” என்றார். நான் இவ்வளவு நேரம் பேசியதன் சாரம் அதுவே.